வேதியியல் மேதை பெர்சி ஜூலியன்

உலகில் அறிஞர் பெருமக்கள் பலர் தோன்றியுள்ளனர். செல்வமும் குலப்பெருமையும் துணைநிற்கக் கல்வி பெற்றோர் அவர்களுள் மிகப் பலர். எழுத்தறிவதே குற்றமெனக் கருதப்பட்ட குடியிற் பிறந்து, அடைத்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து, மாந்தர் குலம் முழுவதற்கும் மருந்தளித்துச் சென்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின வேதியியல் அறிஞர் பெர்சி லாவோன் ஜூலியன். நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், அன்னாரின் வாழ்க்கையை நம் சமுதாய இளைஞர்கட்கு எடுத்துரைப்பது நம் கடமையென எண்ணுகிறோம். பட்டம் பெற்றும் பதவி கிட்டாது வாடும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் இவ்வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

அடிமைக் குடியில் பிறந்த பிள்ளை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அதன் தலைநகரான மான்ட்கோமரியில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜூலியன் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், புகைவண்டி அஞ்சல் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றியவர். தாயார் எலிசபெத், பள்ளி ஆசிரியை. மக்கள் அறுவருள் மூத்தவர் ஜூலியன்.

தந்தைவழிப் பாட்டனார் அடிமையாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அடிமைகட்கு எழுத்தறிவித்தலை 1832ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்த மாநிலம் அலபாமா. அம்முதியவரின் ஒரு கையில் இரு விரல்கள் இல்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட குற்றத்திற்காக அவை வெட்டப்பட்டன என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. 1916ஆம் ஆண்டில் பெயரன் மேற்கல்விக்காகப் புகைவண்டி ஏறியபோது, விரல் இழந்த அக்கையைத் தூக்கி அசைத்தே பாட்டனார் விடைகொடுத்தார் என்பர். அக்காட்சியை ஜூலியன் தம் முதுமையிலும் பிறரிடம் சொல்லத் தவறியதில்லை.

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் நிறவேற்றுமை ஒழிந்ததில்லை. மான்ட்கோமரியில் கறுப்பினப் பிள்ளைகட்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பொதுப்பள்ளி வசதி இல்லை. ஆகவே, கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென அங்கிருந்த பயிற்சிப் பள்ளியொன்றிலேயே ஜூலியன் பயின்றார். அப்பள்ளியில் வேதியியல் கற்க ஆய்வுக்கூடம் போன்ற வசதிகளை எதிர்பார்க்க இயலாது. கல்வியைக் கண்போல் போற்றிய பெற்றோரே அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம்.

ஒரே வேளையில் இரு பள்ளிகள்

1916இல் இந்தியானா மாநிலத்தின் கிரீன்காசில் என்னும் சிற்றூரிலுள்ள டிபா பல்கலைக்கழகத்தில் ஜூலியனுக்கு இடம் கிடைத்தது. எனினும் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை அவர் முழுமையாகப் பெறாதவர். எனவே முதல் இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகப் பாடங்களோடு, உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் ஒருசேரப் படிக்க நேர்ந்தது. பகலெல்லாம் வகுப்பு, பின்பு உழைப்பு, இரவெல்லாம் படிப்பு என்பதே அவரது நாள்முறை.

மாணவர் விடுதியில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. வந்த புதிதில் உணவளிக்க முன்வந்தோரும் ஊரில் அரியர். இறுதியில் வெள்ளையின மாணவர் சங்க விடுதியொன்றில் உணவு பரிமாறும் பணியும், அடுப்பெரிக்கும் பணியும் கிடைத்தன. அதற்கு ஈடாக அவ்விடுதியின் பரண் அறையில் படுக்க இடம் தரப்பட்டது. தம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தவர்க்கே உணவு பரிமாறி, அவர்கள் உறங்கிய பின் பரணேறிப் பாடம் படித்தார் அவ்விளைஞர்.

1920இல் படிப்பு முடிந்தபோது, அவ்வாண்டு பட்டம் பெற்றோர் அனைவரிலும் முதல் மாணவர் அவரே. அவருடைய வெற்றியைக் கண்ட பெற்றோர், ஏனைய மக்களும் அங்கே பயிலவேண்டுமென்று குடும்பத்தையே கிரீன்காசிலுக்கு மாற்றினர். தம்பியர் இருவர் மருத்துவராயினர். தங்கையர் மூவரும் முதுகலைப் பட்டம் பெற்றனர். ஒரு குடும்பத்தில் ஒருவர் ஏறிய படி, பின்வந்த ஐவர்க்கும் ஏணியாயிற்று. முதற்பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கூலிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

வாயில்கள் அடைபட்ட ஆண்டுகள்

முதல் மாணவராகத் தேறியவர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை எளிதில் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர்க்கு வேலை தருவார் யாருமிலர், ஆதலின் அப்பட்டம் அவர்க்கு வீண் என்பதே பல பல்கலைக்கழகங்களின் கருத்தாக இருந்தது. தகுதியில்லை என்று சொல்லவில்லை, தகுதி பெற்றும் பயனில்லை என்று சொல்லினர். இவ்விரண்டாவது சொல்லே இளையோர் நெஞ்சை மிகுதியும் முறிக்க வல்லது.

ஜூலியன் முறிந்து போகவில்லை. நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் ஆசிரியராயிருந்தார். பின்னர் உதவித்தொகையுடன் ஆர்வர்டு பல்கலைக்கழகம் சென்று, 1923இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு முனைவர் பட்டத்திற்குத் தொடர்வோர் மாணவர்க்குப் பாடம் நடத்தி ஊதியம் பெறுவது வழக்கம். கறுப்பினத்தவரிடம் பாடம் கேட்க வெள்ளையின மாணவர் இசையார் என்ற அச்சத்தால் அவ்வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவிலும், பின்னர் வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும் அவர் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

1929இல் ராக்பெல்லர் அறநிதியின் உதவியால் ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகர் செல்லும் பேறு கிடைத்தது. அங்கு எர்ன்ஸ்ட் ஷ்பேட் என்னும் பேராசிரியரிடம் தாவரங்களிலுள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்களைப் பற்றி ஆய்ந்து, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆல்கலாய்டுகள் என்பன செடிகொடிகள் ஆக்கும் காரத்தன்மையுடைய பொருள்கள். அவற்றுட் பல சிறிதளவில் மருந்து, பேரளவில் நஞ்சு. வியன்னாவில் ஜூலியன் பட்டத்தை மட்டும் பெறவில்லை. இசையரங்கிலும் விருந்திலும் ஆய்வுக்கூடத்திலும் ஒப்புடையவராக நடத்தப்பெறும் இன்பத்தையும் தம் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் துய்த்தார்.

தாயகம் திரும்பி ஹோவர்டில் மீண்டும் பணியேற்றார். ஆனால் அங்கு எழுந்த பூசல்களும், அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் செய்தித்தாளில் வெளியானதால் விளைந்த அவதூறும் 1932இல் அவர் அப்பதவியை விட்டு நீங்கக் காரணமாயின. பெரியோர் வாழ்விலும் சறுக்கல்கள் உண்டு. விழுந்த இடத்திலேயே கிடந்தாரா, எழுந்து நடந்தாரா என்பதே நோக்கத்தக்கது. டிபாவில் அவருக்கு வேதியியல் கற்பித்த பேராசிரியர் வில்லியம் பிளாஞ்சார்டு, தம் பழைய மாணவரை ஆராய்ச்சியாளராக அழைத்துக்கொண்டார். வியன்னாவில் உடன்பயின்ற யோசெஃப் பிக்ல் என்னும் வெள்ளையின நண்பரும் துணையாக வந்து சேர்ந்தார்.

காலபார் அவரை

ஜூலியன் எடுத்துக்கொண்ட பெரும்பணியை விளங்கிக்கொள்ள, நாம் சற்றே ஆப்பிரிக்கா செல்லவேண்டும். நைஜீரியா நாட்டின் தென்கிழக்கில் காலபார் என்னும் ஊர் உள்ளது. அப்பகுதியில் ஒருவகைக் காட்டு அவரைக் கொடி வளர்கிறது. அதன் விதை கொடிய நஞ்சு. அங்கு வாழ்ந்த எபிக் மக்கள், குற்றஞ்சாட்டப்பட்டோரை அவ்விதையின் சாற்றை உண்ணச் செய்து, இறந்தவர் குற்றவாளி, வாந்தியெடுத்துப் பிழைத்தவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கும் வழக்கமுடையராயிருந்தனர்.

அவ்விதை ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரை அடைந்தது. அங்கு ராபர்ட் கிறிஸ்டிசன் என்னும் மருத்துவப் பேராசிரியர் 1855இல் அதனைத் தாமே சிறிது உண்டு பார்த்து, அரிதின் உயிர் பிழைத்தார். அவருடைய மாணவர் தாமஸ் பிரேசர், அவ்விதைச் சாறு கண்ணின் பாவையைச் சுருக்குவதைக் கண்டார். 1863இல் ஆர்கைல் ராபர்ட்சன் என்னும் கண் மருத்துவர் அதனைக் கண் மருத்துவத்தில் புகுத்தினார். அடுத்த ஆண்டே ஜெர்மானிய அறிஞர் இருவர் அவ்விதையின் உயிர்ப்பொருளைத் தனியே பிரித்து, அதற்குப் பைசோஸ்டிக்மின் எனப் பெயரிட்டனர். ஈசரின் என்பதும் அதற்கு வழங்கும் மறுபெயர். 1876இல் லுட்விக் லாக்வர் என்னும் மருத்துவர் அதனைக் கிளாக்கோமா நோய்க்கு மருந்தாக்கினார்.

கிளாக்கோமா என்பது கண்ணினுள் நீரழுத்தம் பெருகிப் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய். பெரும்பாலார்க்கு அது வலியின்றியே பார்வையைத் திருடிவிடும். இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கவே இயலும். அமெரிக்காவில் இந்நோய் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களையே மிகுதியாகத் தாக்குகிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

நரம்பின் செய்தியும் மருந்தின் செயலும்

இம்மருந்து எவ்வாறு செயற்படுகிறது? நம் உடலில் நரம்பானது தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளையிடும்போது, நரம்பின் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அதன் பெயர் அசெட்டைல்கோலின். அப்பொருள் தசையின் மேலுள்ள ஏற்பி என்னும் இடத்தில், பூட்டினுட் சாவி பொருந்துவதுபோலப் பொருந்துகிறது. உடனே தசை இயங்குகிறது. நரம்பின் செய்தி இவ்வாறு வேதிப்பொருள் வாயிலாகச் செல்வதை 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தவர் ஓட்டோ லோவி. அவரும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்பொருளை ஏற்கும் ஏற்பிகள் இருவகை எனப் பகுத்தவர் டேல். ஒருவகை, நச்சுக்காளானிலிருந்து எடுக்கப்படும் மஸ்கரின் என்னும் பொருளுக்கு இணங்குவது. மற்றொன்று, புகையிலையின் நிக்கோட்டினுக்கு இணங்குவது. மஸ்கரின் வகை ஏற்பிகள் தூண்டப்படின் கண்பாவை சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், இதயத்துடிப்பு தளரும், குடலும் சிறுநீர்ப்பையும் சுருங்கி இயங்கும். கண்ணினுள் அவை தூண்டப்படும்போது, அங்குள்ள நுண்தசை சுருங்கி நீர் வடியும் வழியைத் திறந்துவிடுகிறது. அழுத்தம் தணிகிறது.

இவ்வேற்பிகளைத் தூண்டும் வழிகள் இரண்டு. பிரேசில் நாட்டுச் செடியொன்றின் இலையிலிருந்து 1875இல் பிரிக்கப்பட்ட பைலோகார்ப்பின் என்னும் மருந்து, தானே நேரடியாக ஏற்பியிற் பொருந்தித் தூண்டுவது. காலபார் அவரையின் பைசோஸ்டிக்மின் வேறு வழியிற் செல்கிறது. அசெட்டைல்கோலினைச் சிதைத்து அழிக்கும் நொதி ஒன்று உடலில் உண்டு. பைசோஸ்டிக்மின் அந்நொதியைச் சிறிதுநேரம் கட்டிவைக்கிறது. சிதைப்பார் இல்லாமையால் அசெட்டைல்கோலின் பெருகி, ஏற்பிகளை மேலும் மேலும் தூண்டுகிறது.

இன்று கிளாக்கோமாவுக்கு வேறு நல்ல சொட்டு மருந்துகள் வந்துவிட்டன. பைசோஸ்டிக்மினை அந்நோய்க்குப் பயன்படுத்துவது அருகிவிட்டது. எனினும் ஊமத்தை போன்றவற்றின் நஞ்சு, மஸ்கரின் வகை ஏற்பிகளை அடைத்து, வாய் உலர்ந்து, பாவை விரிந்து, பித்துப்பிடித்தாற்போல் ஆக்கும்போது, தக்க நேர்வுகளில் மருத்துவர்கள் அதனை முறிமருந்தாக ஊசிவழிச் செலுத்துவர். பைலோகார்ப்பின், கதிர் மருத்துவத்தால் உமிழ்நீர் வற்றியோர்க்கு இன்றும் தரப்படுகிறது. அறுவை மருத்துவத்திற்குப்பின் சிறுநீர் கட்டிக்கொண்டோர்க்குப் பெத்தனகால் என்னும் மருந்து உதவுகிறது. 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மனநோய் மருந்தொன்றும் மூளையிலுள்ள இவ்வேற்பிகளையே தூண்டுகிறது.

நம் மக்கள் அறியவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. வயல்களில் தெளிக்கப்படும் பாஸ்பரசு சேர்ந்த பூச்சிமருந்துகள் பலவும், பைசோஸ்டிக்மின் கட்டிய அதே நொதியைத்தான் கட்டுகின்றன. ஆனால் எளிதில் அவிழாதவாறு கட்டுகின்றன. மருந்து தெளிக்கும் உழைப்பாளி அளவுமீறி வியர்த்து, எச்சில் ஒழுகி, பாவை ஊசிமுனைபோற் சுருங்கி, மூச்சுத்திணறினால் அது இந்நஞ்சின் அடையாளமே. உடனே உடையைக் களைந்து, உடலை நீரால் நன்கு கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உதவுவோர் அந்நஞ்சு தம் மேனியிற் படாமற் காத்துக்கொள்ளல் வேண்டும். அட்ரோப்பின் என்னும் முறிமருந்து அங்குத் தரப்படும். கூலிக்கு மருந்து தெளிப்போர் பெரும்பாலும் நம்மவரே ஆதலின் இதனை வற்புறுத்திக் கூறுகிறோம்.

ஆக்ஸ்போர்டோடு ஒரு போட்டி

பைசோஸ்டிக்மினின் அமைப்பை அறிஞர்கள் 1925இல் தெளிந்தனர். அதனை அவரை விதையின் துணையின்றி, எளிய வேதிப்பொருள்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் ஆக்குவது எவ்வாறு என்பதே அன்றைய வேதியியலார் முன்னின்ற அறைகூவல். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ராபின்சன் அம்முயற்சியில் முன்னணியில் நின்றார். அவர் பின்னர் 1947இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். அவருக்கு எதிரே சிற்றூர்க் கல்லூரியொன்றில், நிலையான பதவிகூட இல்லாத ஜூலியன், பிக்லையும் இளங்கலை மாணவர் சிலரையும் துணைக்கொண்டு உழைத்தார்.

பைசோஸ்டிக்மினுக்கு முந்தைய படியாகிய ஈசரெத்தோல் என்னும் பொருளை ஆக்கிவிட்டதாக ராபின்சன் குழுவினர் அறிவித்தனர். ஜூலியன் ஆக்கிய பொருளின் பண்புகளோ அதனோடு ஒத்துவரவில்லை. இருவருள் ஒருவர் பிழைபட்டிருத்தல் வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிழைபட்டார் என்று எழுத எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவர் கூற்று தவறாயின் ஜூலியனின் எதிர்காலமே அழிந்திருக்கும். ஆயினும் ஆய்வின் முடிவை நம்பி, அமெரிக்க வேதியியல் கழக இதழில் துணிந்து எழுதினார். 1935இல் இறுதிப்படியையும் கடந்து, ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய பொருளும் அவரையிற் கிடைக்கும் பொருளும் ஒரே வெப்பநிலையில் உருகுவதைக் காட்டினார். வழக்கு தீர்ந்தது. வெற்றி ஜூலியனுடையது. ஆய்வுக்குழாயில் உருகும் படிகம், ஆக்கியவனின் நிறத்தைக் கேட்பதில்லை.

அவ்வாண்டு திசம்பரில் அன்னா ஜான்சன் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரும் 1937இல் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்ற கல்விச் செல்வி.

பட்டம் உண்டு, பதவி இல்லை

இத்துணைப் பெரிய வெற்றிக்குப் பின்னும், டிபா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. காரணம் நிறமே. டூபான்ட் என்னும் பெரிய வேதிப்பொருள் நிறுவனம் பிக்லுக்கு வேலை தந்தது, ஜூலியனை ஏற்க மறுத்தது. ஒரே ஆய்வைச் சேர்ந்து செய்த இருவருள் ஒருவர்க்கு வாயில் திறந்தது, மற்றவர்க்கு அடைபட்டது. விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரிலிருந்த காகித ஆய்வு நிலையம் அவரை ஏற்க விரும்பியது. ஆனால் கறுப்பினத்தவர் இரவில் தங்குதல் கூடாதென அந்நகரில் விதியிருந்தது. பகலில் அறிவைக் கொள்ளலாம், இரவில் அறிஞனைத் தங்கவிடலாகாது என்பது அந்நகரத்தார் நீதி.

இதனைப் படிக்குங்கால் நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினையாதிருத்தல் இயலுமோ? கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் பரோடாவில் உயர்பதவி ஏற்கச்சென்ற அப்பெருமகனார், தங்க இடமின்றி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கடல்கள் பல இடையிட்ட இரு நாடுகளில் ஒரே கொடுமை இரு வேறு பெயர்களில் உலவியது. இவ்வொற்றுமையை அண்ணல் நன்குணர்ந்திருந்தார். 1946இல் கறுப்பின மக்களின் தலைவரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவருமான அறிஞர் டுபாய்ஸ் அவர்கட்கு அவர் கடிதம் எழுதி, அம்மக்களின் போராட்டம் பற்றிக் கேட்டறிய முனைந்தது வரலாறு.

சோயா மொச்சை தந்த செல்வம்

1936இல் கிளிடன் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனம், சிகாகோ நகரிலிருந்த தன் சோயாப் பிரிவின் ஆராய்ச்சித் தலைவராக ஜூலியனை அமர்த்தியது. பல்கலைக்கழகங்கள் தர மறுத்த ஆய்வுக்கூடத்தைத் தொழிற்சாலை தந்தது. சோயா மொச்சையின் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்துக் காகிதத்திற்கும் பூச்சுகட்கும் பயன்படுமாறு செய்தார். அப்புரதத்திலிருந்து ஆன நுரைப்பொருள், இரண்டாம் உலகப்போரில் கப்பல்களில் எண்ணெய்த் தீயை அணைத்து வீரர் பலரின் உயிர்காத்தது.

முன்னர் காலபார் அவரையை ஆய்ந்தபோது, அதன் எண்ணெயிலிருந்து ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் படிகம் தானே பிரிந்ததை அவர் கண்டிருந்தார். 1940ஆம் ஆண்டளவில், தொழிற்சாலையின் பெரிய சோயா எண்ணெய்த் தொட்டியொன்றில் நீர் கசிந்து, வெண்ணிறப் பொருள் படிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறர் எண்ணெய் பாழாயிற்றென வருந்தினர். ஜூலியனோ அவ்வெண்பொருளில் தாம் தேடிய ஸ்டிக்மாஸ்டெரால் உள்ளதை உணர்ந்தார். அதனை மூலப்பொருளாகக் கொண்டு, கருவைக் காக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைப் பெருமளவில் ஆக்கும் வழியை வகுத்தார்.

1949இல் கார்ட்டிசோன் என்னும் மருந்து மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கச்செய்ததை உலகம் வியப்போடு கேட்டது. அம்மருந்தை அன்று மாட்டின் பித்தநீரிலிருந்து மிகக் குறைந்த அளவில், மிகுந்த செலவிலேயே ஆக்கமுடிந்தது. கார்ட்டிசோனைவிட ஓர் ஆக்சிசன் அணு மட்டுமே குறைந்த பொருளை ஆக்கும் முறையை ஜூலியன் அவ்வாண்டே வகுத்தளித்தார். 1952இல் வேறொரு நிறுவனத்தார் நுண்ணுயிரைக் கொண்டு ஆக்சிசன் சேர்க்கும் வழி கண்டனர். பலர் உழைப்பும் சேர்ந்து அவ்வகை மருந்துகள் எளியோர்க்கும் எட்டும் விலைக்கு வந்தன.

ஓக் பார்க் இல்லம்

1950இல் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் ஜூலியன் ஒரு வீடு வாங்கினார். அப்பகுதி வெள்ளையர் வாழ்ந்த பகுதி. குடிபுகுமுன்பே, அவ்வாண்டு நவம்பரில் நன்றியறிதல் திருநாளன்று வீட்டில் பெட்ரோல் ஊற்றித் தீவைக்க முயன்றனர். 1951 சூனில், பெற்றோர் வெளியூர் சென்றிருக்கப் பிள்ளைகள் வீட்டிலிருந்த வேளையில், வெடிகுண்டு எறிந்தனர். நற்பேறாக எவர்க்கும் ஊறு நேரவில்லை. உலகின் மூட்டுவலியைத் தீர்க்க வழிகண்ட அறிஞர், தம் வீட்டு முற்றத்தில் துப்பாக்கியுடன் காவலிருந்த இரவுகளும் உண்டு.

ஆயினும் அவர் வீட்டை விட்டு நீங்கவில்லை. ஊராருள் நல்லோர் பலர் அவர் பக்கம் நின்றனர் என்பதையும் கூறுதல் முறை. 1985இல் அவ்வூர்ப் பள்ளியொன்றுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. அன்று வெடிகுண்டு எறிந்தோரின் பெயரை அறிவார் யாருமிலர்.

புகழும் மறைவும்

1953இல் கிளிடனை விட்டு விலகித் தம் பெயரால் தனி ஆய்வகம் நிறுவினார். வேறிடங்களில் வேலை மறுக்கப்பட்ட கறுப்பின வேதியியலார் பலர்க்கு அது புகலிடமாயிற்று. தாம் நுழைந்த வாயிலைத் தமக்குப்பின் சாத்திவிடாமல் திறந்தே வைத்த பண்பு இது. 1961இல் அவ்வாய்வகத்தை 23 இலட்சம் டாலருக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். செல்வம் வந்தபின்னும் சமுதாயத்தை மறந்தாரிலர். கறுப்பின மக்களின் உரிமை வழக்குகட்கு நிதி திரட்டுவதில் முன்னின்றார்.

நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பெருமை பெற்ற முதற் கறுப்பின வேதியியலார் அவரே. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், தம் எழுபத்தாறாம் அகவையில் புற்றுநோயால் மறைந்தார். 1993இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. டிபாவில் அவர் செய்த பைசோஸ்டிக்மின் ஆய்வை 1999இல் அமெரிக்க வேதியியல் கழகம் நாட்டின் வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பதவி தர மறுத்த அதே கல்லூரியின் அறிவியற் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கொள்ளத்தக்கவை

இளைஞர்காள்! இவ்வரலாற்றைப் படித்து, உழைத்தால் எவரும் உயரலாம் என்று மட்டும் கூறி முடித்தல் முழு உண்மையாகாது. ஜூலியனைப் போன்ற அறிவுடைய எத்தனையோ பேர் அடைத்த வாயில்களின் முன்னின்றே மாய்ந்திருப்பர். ஒருவர் தாண்டிவிட்டார் என்பதால் வேலி நியாயமாகிவிடாது. வேலியை அகற்றப் போராடுதலும், வேலி இருக்குங்கால் தாண்டக் கற்றலும் ஆகிய இரண்டும் நமக்குக் கடனாம்.

அவர் உயர்ந்ததற்குத் துணைநின்றவை எவை என எண்ணிப் பாருங்கள். விரலிழந்தும் எழுத்தைக் கைவிடாத பாட்டனார், ஊரையே மாற்றிக்கொண்ட பெற்றோர், மாணவனைக் கைவிடாத ஆசிரியர், தக்க காலத்தில் கிடைத்த உதவித்தொகை, படுக்க ஒரு பரணறை. இவற்றைத் தருவதற்கே கல்விக் கழகங்கள் ஏற்படுகின்றன. நம் கழகத்தின் உதவியாற் படித்து வேலையில் அமர்ந்தோர், முதல் ஊதியத்திலிருந்தே ஒரு பகுதியைப் பின்வரும் பிள்ளைகட்கு ஒதுக்குவாராயின், அதுவே ஜூலியனுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம்.

அறிவியற் பாடம் நமக்கு வராது என்று அஞ்சி ஒதுங்கும் மாணவரை நம் பள்ளி வாழ்வில் ஆண்டுதோறும் காண்கிறோம். எட்டாம் வகுப்போடு பொதுப்பள்ளி முடிந்துபோன ஊரிலிருந்து வந்தவர், ஆக்ஸ்போர்டு பேராசிரியரின் கணக்கைத் திருத்தினார் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக. நாற்பது வயதைக் கடந்த உறுப்பினர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் கிளாக்கோமா உடையோர், அரசு மருத்துவமனையில் கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்வாராக. கண்ணும் எழுத்தும் நமக்கு அரிதிற் கிடைத்த செல்வங்கள். இரண்டையும் காப்போம்.